மானியம்: அன்றும் இன்றும்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. 'மானியம்' என்னும் சொல்லை இன்று நாம் உர மானியம், பள்ளி மானியம், கலை மானியம் என்றெல்லாம் வழங்குகிறோம். குடிமகன் விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டு அரசிடமிருந்து பெறும் நிதியுதவி என்பதே அதன் இன்றைய பொருள். நம் பாட்டன்மார் காலத்தில் அச்சொல் வேறொன்றைக் குறித்தது. ஊர்த் தொழில் செய்வோர்க்கு வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலமே அன்று மானியம் எனப்பட்டது. கோயில் மானியம், கணக்கர் மானியம், வெட்டியான் மானியம் என அது பலவகைப்பட்டது. இறுதியில் சொன்னதே நம்மவர்க்கு வாய்த்தது. அளவில் அது சிறியது, சுமையில் பெரியது.

பழைய மானியத்திலிருந்து புதிய மானியத்திற்கு நம் சமுதாயம் நடந்துவந்த வழியை இளைஞர்கள் அறிதல் வேண்டும். ஏனெனில் இன்று நம் வீடுகளில் ஒரு வினா எழுந்து நிற்கிறது. பறையைத் தொடமாட்டோம் என்று தந்தையர் உறுதி பூண்டனர். மைந்தரோ அதே பறையை மேடையில் முழக்க விரும்புகின்றனர். பறையாட்டத்திற்கு அரசு பணம் தருகிறதென்றால் அதனைப் பெறலாமா? பெறுவது முன்னோர் எடுத்த உறுதிக்கு இழுக்காகாதா? இவ்வினாவிற்கு விடை காண வரலாற்றையே துணைக்கு அழைப்போம்.

பழைய மானியம்

பறை பழமையான கருவி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையும் சிறந்த குடிகளாகப் போற்றுகிறது. அன்று கருவி இழிவுக்கு அடையாளமாகவில்லை என்பதற்கு இவை சான்று.

பிற்காலத்து நிலையைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலேயே காணலாம். முதலாம் இராசராசன் அக்கோயிலில் ஆடற்பணி புரிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஒருத்திக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் கிடைக்க வழி செய்தான். நட்டுவர், பாடுவோர், இசைக்கருவி இயக்குவோர் ஆகியோர்க்கும் பங்குகள் ஒதுக்கினான். அவர்களின் பெயரும் பங்கும் கல்லில் பொறிக்கப்பட்டன. தமிழகத்தில் அரசு கலைக்குக் கொடுத்த கொடைக்கு இதனைவிடத் தெளிவான பழஞ்சான்று அரிது. ஆயின் அதே கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களை எண்ணிக் காட்டும்போது, பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிப்பிடுகின்றன. கோயிலுக்குள் ஆடியவரும் கொட்டியவரும் பெயரோடு பங்கு பெற்றனர். ஊருக்கு வெளியே இருந்தவர்களோ சேரியின் பெயராக மட்டுமே கல்லில் நின்றனர்.

ஊர்தோறும் நிலைத்த வெட்டியான் மானியம் எத்தகையது? சாவுக்குப் பறை முழக்குதல், சாவுச் செய்தியை அயலூருக்குக் கொண்டு செல்லுதல், குழி தோண்டுதல், திருவிழாவை அறிவித்தல், அரசு ஆணையைத் தண்டோராப் போடுதல், களத்திற்குக் காவல் இருத்தல் ஆகிய அனைத்துக்கும் ஈடாக ஒரு துண்டு நிலமும், அறுவடையில் சில மரக்கால் நெல்லும் கிடைத்தன. பணியை ஏற்கவோ மறுக்கவோ உரிமை இல்லை. தந்தை இறந்தால் மகன் கோலை எடுக்க வேண்டும். எடுக்க மறுத்தால் நிலம் போகும்; சில வேளைகளில் குடிசையும் போகும். கலைஞனுக்குரிய பரிசிலாக அன்றி, காலில் மாட்டிய விலங்காகவே அந்நிலம் இருந்தது.

அண்ணல் அறுக்க முனைந்த கட்டு

இதன் மறுவடிவம் மராட்டிய நாட்டில் இருந்தது. அங்கே மகர் மக்களுக்கு விடப்பட்ட நிலத்திற்கு 'வதன்' என்று பெயர். ஊராருக்கும் அரசு அலுவலர்க்கும் இரவு பகலாக ஏவல் செய்ய வேண்டும். ஈடாகச் சிறு நிலமும் கையேந்திப் பெறும் தானியமும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் இதனைக் கொடை என்று ஏற்கவில்லை. அடிமைக் கட்டு என்றே கண்டார். 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரை அலுவல்கள் சட்டத்தைத் திருத்துவதற்காக 1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது அன்று நிறைவேறவில்லை. அவர் மறைந்த பின்னர், 1950களின் இறுதியில்தான் அவ்வகை வதன்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன.

தமிழகத்தில் எம்.சி. இராசா அவர்களின் முயற்சியால் 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் பெயர்கள் அரசு ஆவணங்களில் நீங்கி, 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் சிறு மானியங்களை இரயத்துவாரி நிலங்களாக மாற்ற வழி வகுத்தது. சட்டம் மாறினும் வழக்கம் எளிதில் மாறவில்லை. ஆகவேதான் ஊர்தோறும் நம் இளைஞர்கள் இனிப் பறையடிக்க மாட்டோம் என்று கூறிக் கோலைக் கீழே வைத்தனர். சில இடங்களில் பறையைத் தீயிலும் இட்டனர். ஊர்க் கட்டுப்பாட்டையும் வேலை மறுப்பையும் தாங்கிக்கொண்டு அவர்கள் செய்த அச்செயலைக் கலை அழிப்பு என்று எவரேனும் கூறினால், அவர் வரலாறு அறியாதவர். அஃது உரிமைப் போர்.

வகுப்பறைக்குள் புகுந்த கலைகள்

இந்நிலையில் அரசின் பணம் கலைக்கல்விக்கு எவ்வாறு வந்தது என்பதைக் காண்போம்.

1850ஆம் ஆண்டு அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஈராண்டுகளில் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் தோற்றம் அதுவே. 1929இல் அதன் முதல்வராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. பாறையை நெம்பும் அந்நால்வரின் உருவத்தைக் காணும் நெய்வேலித் தொழிலாளி அதில் தன்னையே காண்பான்.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின், தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறை பரவியது. 'மானியம்' என்னும் சொல் புதிய பொருள் பெறத் தொடங்கியது அப்பொழுதே எனலாம். முறையாகப் பதிவேடு வைத்துக் கணக்குக் காட்டும் பள்ளிக்கே மானியம் கிடைத்தது. அந்த வழியைப் பயன்கொள்ள முன்வந்தவர்கள் நம்மிடையேயும் இருந்தனர். நமக்கு அண்மையில் உள்ள சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நந்தனார் கல்விக் கழகத்தையும் பள்ளியையும் எழுப்பினார். கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட நந்தனாரின் பெயரையே கல்விக்கூடத்திற்குச் சூட்டிய அவருடைய உள்ளத்தை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நந்தனார் கதை மேடைக்கும் வெள்ளித்திரைக்கும் பெரும்பொருளாக இருந்ததையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடிக்க கே.பி. சுந்தராம்பாள் அவர்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. நாடே வியந்த தொகை அது. அவருடைய குரலின் பெருமைக்கு அத்தொகையும் குறைவே. எனினும் நம்மைப் பற்றிய கலைக்குச் செல்வம் குவிந்த அதே காலத்தில், நம்முடைய கலைக்கு மரக்கால் நெல்லே கூலியாக இருந்தது என்பதை மறத்தல் இயலாது.

சென்னையில் 1936இல் உருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவை நிறுவினார். அது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மைய அரசின் நிறுவனமாயிற்று. 1949இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கப்பட்டு, முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். 1990களின் இறுதி முதல் மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் தோன்றின. நம் கடலூரிலும் ஒன்று அமைந்தது. அப்பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட பாடங்கள் 7. அவை குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்பன. தவிலும் தோற்கருவியே, மிருதங்கமும் தோற்கருவியே. அவற்றுக்குப் பாடத்திட்டமும் ஆசிரியர் பணியிடமும் சான்றிதழும் உண்டு. அந்த ஏழு பாடங்களுள் பறைக்கு இடம் இல்லை. தோல் ஒன்றாயிருக்க, அதைத் தொடும் கைகளை வைத்தே மதிப்பு வேறுபட்டது.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றபின் மன்னர்களும் சமீன்தார்களும் இருந்த இடத்தில் மக்களாட்சி வந்தது. கலைகளைப் புரக்கும் கடமையும் அரசைச் சேர்ந்தது. 1952இல் இயற்றிய தீர்மானத்தின்படி சங்கீத நாடக அகாதமி உருவாகி, 1953 சனவரி 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்களால் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. இராசமன்னார். 1954இல் சாகித்திய அகாதமியும் லலித் கலா அகாதமியும் எழுந்தன. 1955இல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் அமைந்தது. அதுவே 1973 முதல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் எனப் பெயர் பெற்றது. நலிந்த கலைஞர்க்கு மாத உதவி, இசைக்கருவியும் ஆடை அணிகளும் வாங்க நிதி, புதிய நாடகங்களுக்கும் கலை நூல்களுக்கும் உதவி எனப் பல பணிகளை அம்மன்றம் மேற்கொண்டது.

1979இல் மைய அரசின் பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையம் தோன்றியது. பள்ளிச் சிறுவர்க்கான அதன் கலைத்திறன் உதவித்தொகைத் திட்டத்தில், மரபுக்கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1986இல் தென்னகப் பண்பாட்டு மையம் தஞ்சையில் நிறுவப்பட்டது. 1991இல் தமிழக அரசு கலை பண்பாட்டுக்கெனத் தனித் துறை கண்டது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் அமைக்கப்பட்டது. மாவட்டக் கலைமன்றங்களின் வழியே கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என வயதுக்கேற்ற ஐந்து விருதுகள் வழங்கப்பட்டு வந்துள்ளன.

இவ்வளவு திட்டங்கள் இருந்தும் நம் தெருவிற்கு வந்தவை சில துளிகளே. ஏன்? தடை எப்பொழுதும் வெளிப்படையாக இருந்ததில்லை. விண்ணப்பத்தில் குருவின் பெயர் கேட்பார்கள். நமக்குத் தந்தையே குரு. சான்றிதழ் கேட்பார்கள், நம் கலைக்குப் பள்ளியே இல்லை. பதிவுபெற்ற அமைப்பா என்பார்கள். நம் குழு ஆலமரத்தடியில் கூடுவது. தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்கு எங்கே என்பார்கள். அன்றாடம் வந்தது அன்றே செலவாயிற்று. எமக்குத் தெரிந்த இளைஞர் குழு ஒன்று, கருவி வாங்க நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம், பதிவுச் சான்று இணைக்கப்படவில்லை என்னும் ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அவர்கள் ஆட்டத்தைக் காண எவரும் வரவில்லை. தாளில் இல்லாத கலை, அலுவலகத்தின் கண்ணுக்கு இல்லாத கலையே.

நெய்வேலியில் நாம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணுக்குப் புலப்பட்டது. 1962இல் சோவியத்து நாட்டின் துணையோடு முதல் மின் உற்பத்தி தொடங்கியது. ஏர் பிடித்த கைகளும் களத்தில் கூலி வாங்கிய கைகளும் சுரங்கத்தில் வேலைக்குச் சென்றன. மாதச் சம்பளம் என்னும் ஒன்று நம்மவரில் சிலர் வீட்டிற்குள் முதன்முதலாக நுழைந்தது.

அப்பொழுது நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை எம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உறவினர் ஒருவர் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை, வீட்டிற்கு வந்து பறையைத் துடைத்துப் பரணில் ஏற்றினாராம். "இனி இது என்னைக் கூப்பிட முடியாது" என்று மட்டும் சொன்னாராம். அவர் அதனை எரிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஆண்டுகள் பல கழித்து அவர் பேரன் அதனை இறக்கி, தீமூட்டித் தோலைக் காய்ச்சித் தட்டியபோது, கிழவர் திண்ணையில் இருந்தபடியே தாளம் தவறிய இடத்தை விரலால் தட்டித் திருத்தினாராம். கட்டாயம் நீங்கியபின்தான் அவர் விரல்கள் அதனைக் கலையாகத் தொட்டன.

மேடை ஏறிய பறை

நாடெங்கும் நடந்ததும் இதுவே. பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் (1955–2016) தம் 'தன்னானே' குழுவினரோடு நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் அவற்றைப் பாடமாகக் கற்பித்தார். 1990களில் தலித் கலைவிழாக்கள் பறையை விடுதலைக் கருவியாக மேடை ஏற்றின. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையை ஏந்தினர். அதுவரை பெண்கள் தொடாத கருவி அது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசான் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு புரிசைக் கண்ணப்ப சம்பந்தன் தெருக்கூத்துக்காக அவ்விருது பெற்றார்.

இதனினும் நம் கருத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், ஊர்களில் தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்துமாறு மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். நூற்றாண்டுகளாக அரசின் குரலைச் சுமந்த பறை அச்சுமையிலிருந்து அரசாலேயே விடுவிக்கப்பட்டது. ஒரு கையால் ஏவற்பணியை நீக்கிய அரசு, மறு கையால் அதே கருவிக்கு விருதும் நிதியும் தருகிறது. இதில் முரண்பாடு இல்லை. பழைய மானியம் பிறப்பைப் பார்த்து வந்தது, மறுக்க முடியாதது. புதிய மானியம் திறமையைப் பார்த்து வர வேண்டியது, நாமே கேட்டுப் பெறுவது, வேண்டாமெனின் விடுவது. மறுக்கும் உரிமை உள்ள இடத்தில்தான் கலை உண்டு. ஆகவே கோலைக் கீழே வைத்த தந்தையும், அதனை மேடையில் எடுத்த மகனும் ஒரே போரின் இரு தலைமுறையினர்.

அயல்நாட்டுப் பாடம்

அமெரிக்க நாட்டில் 1935ஆம் ஆண்டு, பொருளாதார வீழ்ச்சியின்போது, வேலையற்ற கலைஞர்களுக்காக அரசு ஒரு நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் கறுப்பின மக்களுக்கெனத் தனிப் பிரிவுகள் பல நகரங்களில் இயங்கின. 1936இல் நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில் சேக்சுபியரின் 'மாக்பெத்' நாடகத்தைக் கறுப்பினக் கலைஞர்களே முழுவதும் நடித்தனர். கூட்டம் தெருவை அடைத்தது. ஆனால் 1939இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிதியை நிறுத்தியது, திட்டம் முடிந்தது. அரசுப் பணம் ஒரு கதவைத் திறக்கும். அதே கை அக்கதவைச் சாத்தவும் கூடும். எனவே அப்பணத்தைப் பெறும் காலத்திலேயே, அது நின்றாலும் நிலைக்கக்கூடிய அமைப்பை எழுப்பிக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யவேண்டுவன

இளைஞர்களே! கல்விச் சங்கம் என்பது தேர்வுக்கு மட்டும் பயிற்சி தரும் இடம் அன்று. நம் கலைக்கு வராத மானியம் பெரும்பாலும் எழுத்தில் தடைபட்டது என்று கண்டோம். எழுத்தறிவித்தலே நம் சங்கத்தின் தொழில் அன்றோ?

முதலாவதாக, நம் ஊர்களில் எஞ்சியுள்ள அடிவகைகளையும், கூத்துப் பாடல்களையும், ஒப்பாரிகளையும் முதியோரிடமிருந்து கேட்டு ஒலிப்பதிவு செய்து எழுதிவையுங்கள். எழுதப்பட்டதே பாடத்திட்டம் ஆகும்.

இரண்டாவதாக, கலைக்குழுக்களைச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கு, கூட்டப் பதிவேடு, தணிக்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பேணுங்கள். கலைஞர் ஒவ்வொருவரையும் நலவாரியத்தில் உறுப்பினராக்குங்கள்.

மூன்றாவதாக, நம் அருகில் உள்ளதை அறியுங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் மரபுக் கலைகளை வளர்த்தலும் ஒன்றாக உள்ளது. மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கரியால் ஒளி பெற்ற நாட்டில், அம்மண்ணின் கலைக்கு ஒரு பங்கு கேட்பது யாசகம் ஆகாது.

நான்காவதாக, அரசு இசைப்பள்ளிகளில் பறையும் தெருக்கூத்தும் முழுநேரப் பாடங்களாக வேண்டும் என்று கேளுங்கள். விழாவிற்கு அழைத்துப் போர்த்தும் சால்வை ஒரு நாளைக்குரியது. பாடத்திட்டமும் ஆசிரியர் பணியிடமும் தலைமுறைக்குரியவை. அப்பணியிடத்தில் பரம்பரைக் கலைஞர்கள் அமர வேண்டும். அவ்வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்க வேண்டும். பறை ஒரு சாதியின் கடமையாக இருந்தது போதும்.

இறுதியாக ஒன்று. எந்த நிதி வந்தாலும், எந்த மேடை கிடைத்தாலும், "நீ அடித்துத்தான் ஆகவேண்டும்" என்று ஒருவன் சொல்லும் இடத்தில் கோலைத் தொடாதீர்கள். சான்றிதழ் கையில் இருந்தாலும் தொடாதீர்கள். நம் தந்தையர் தம் நிலத்தையும் குடிசையையும் பணயம் வைத்து வென்ற உரிமை அது. அதனைக் காத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் நிமிர்ந்த கையெழுத்து இடுங்கள். பாட்டன் பெற்ற மானியத்தில் அவன் கைநாட்டுக்கூட இல்லை. பேரன் பெறும் மானியத்தில் அவன் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும்.